வெட்டிய மண்ணை வண்டியேற்றாதீர்கள்

நம் மனைப்பிரிவில் புறவாசலில் குளம் வெட்டத் தொடங்கியிருக்கும் ஏழு வீட்டாருக்கும், இனி வெட்ட நினைத்திருப்பவர்களுக்கும்,



சென்ற செவ்வாய்க்கிழமை விடிகாலையில் பால் வாங்கப் போனேன். நம் மேற்கு எல்லையில் இருக்கும் ஓடையோரம் ஒரு டிராக்டர் நின்றது. ஓட்டுநர் டிரெய்லரைத் தூக்கிச் செவல் மண்ணை ஓடைக்குள் சரித்துக்கொண்டிருந்தார். மண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. புல்வேரோடு புரண்ட கட்டிகளுக்கு நடுவே மண்புழுக்கள் நெளிந்தன. "எங்கேருந்து தம்பி வருது?" என்று கேட்டேன். "நம்ம ரெண்டாந் தெருலேருந்துதான் டீச்சர். குளத்துக்குத் தோண்டுன மண்ணு. எங்கயாவது தட்டிருங்கன்னு சொன்னாங்க" என்றார். அது இரண்டாவது நடை.

அந்தத் தம்பியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்ன வேலையைச் செய்தார். அந்த வீட்டாரின்மேலும் வருத்தம் இல்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நானும் இதே போல ஆசைப்பட்டுக் குளம் வெட்டினேன். மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வெட்டினேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் முன்பே உங்களிடம் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நடை மண் ஓடைக்குப் போயிருக்காது. அதனால்தான் இந்த மடல்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். குளத்துக்கு வெட்டும் மண்ணில் ஒரு கூடைகூட வெளியே போக வேண்டாம். நீங்கள் ஆசைப்படும் அருவிக்கு மலை வேண்டும் அல்லவா? அந்த மலை நீங்கள் வெட்டப்போகும் குழிக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். நம் மனைகளின் அளவுக்குப் பெரும்பாலோர் எட்டடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழத்தில்தான் குளம் வெட்டுகிறீர்கள். பெருக்கினால் 96 கன அடி. லாரிக்காரர்கள் மொழியில் சொன்னால் ஏறக்குறைய ஒரு யூனிட். ஆனால் நிலத்தில் இறுகிக் கிடந்த மண்ணை வெட்டி வெளியே போட்டால் அது உப்பும். நம் செவலில் கால் பங்கு வரைக்கும் கூடும். 96 கன அடி வெட்டினால் வெளியே 120 கன அடி குவியும். ஏழு வீட்டுக்கும் சேர்த்தால் 840 கன அடி. நம் ஓடை நாலடி அகலம், இரண்டடி ஆழம். அந்த மண் முழுவதும் அதற்குள் போனால் நூறடி நீளத்துக்கு ஓடை இருந்த இடமே தெரியாது.

அது வெறும் சாக்கடை என்று சிலர் நினைக்கலாம். வீடுகள் வருவதற்கு முன்னால் இங்கே வயல் பார்த்தவர்களைக் கேளுங்கள். கீழே இருக்கும் குளத்துக்கு அதுதான் வரத்துக்கால். ஐப்பசி மழையில் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் குளத்தை எட்ட வேண்டும். வழி அடைபட்டால் தண்ணீர் முதலில் நம் தெருவுக்குள் நுழையும். குளத்துக்குப் போக வேண்டியது போகாது. குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். சட்டம் வந்து நம் கதவைத் தட்டும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. புறவாசலில் ஒரு சிறு குளம் வேண்டும் என்பதற்காக ஊர்க்குளத்துக்கு வரும் தண்ணீரை மறிப்பது நம்மில் யாருக்கும் சம்மதமாக இருக்காது என்று நம்புகிறேன்.

நம் முன்னோர் குளம் வெட்டிய முறையை எண்ணிப் பாருங்கள். உள்ளே வெட்டினார்கள், வெட்டியதைக் கரையில் போட்டார்கள். குழி ஆழமாக ஆழமாகக் கரை உயர்ந்தது. கரைக்கு மண் வேறு எங்கிருந்தும் வரவில்லை. கரையின் உட்புறம் அலை அரிக்காமல் கல் பதித்தார்கள், மேலே மண்ணைப் பிடித்துக்கொள்ளப் பனை வைத்தார்கள். மதுரைக்குப் போனால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பார்ப்பீர்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் அந்தக் குளம் என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் அந்தப் பள்ளத்து மண்ணில் எழுந்த கட்டடம். இந்தப் பொருத்தம் நமக்கும் பொருந்தும்.

இனி என் கதையைச் சொல்கிறேன். நான் செய்ததை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

அந்த வருடம் புரட்டாசியில் வேலை தொடங்கினேன். தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள், அதற்குள் அருவி விழ வேண்டும் என்று எனக்கு அவசரம். இரண்டு பேர் இரண்டு நாளில் குழி வெட்டினார்கள். வந்த மண்ணையெல்லாம், மேல்புல், வேர், சருகு, கீழிருந்து வந்த சரளை என்று எந்தப் பிரிவும் இல்லாமல் ஒரே குவியலாகக் குவித்தோம். மம்பட்டியின் முதுகால் தட்டிச் சமப்படுத்தினோம். அதன்மேல் விரிப்பைப் போட்டுக் கல் அடுக்கி, உச்சியில் ஒரு பலகைக்கல்லைச் சிமெண்டு வைத்து உட்கார்த்தினோம். தீபாவளி அன்று மாலை மோட்டாரைப் போட்டபோது கண்ணாடித் தகடு போலத் தண்ணீர் விழுந்தது. பேரப்பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் குளத்தில் முக்கால்வாசித் தண்ணீரைக் காணோம். மிச்சம் இருந்தது செம்மண் கரைசலாகக் கிடந்தது. மோட்டார் வறண்டு ஓடிக் கருகிப்போயிருந்தது. உச்சியில் இருந்த பலகைக்கல் முன்னால் சாய்வதற்குப் பதிலாகப் பின்னால் சாய்ந்திருந்தது. அதன் பின்பக்கம் கையை விட்டேன். முழங்கை வரை உள்ளே போயிற்று. மண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொந்து. மழையில் மேடு நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. கல் பின்னால் சரிந்திருக்கிறது. மேலே ஏறிய தண்ணீர் முன்னால் விழாமல் பின்னால் வழிந்து, விரிப்புக்கு அடியில் புகுந்து, மண்ணை அரித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இரவெல்லாம் மோட்டார் குளத்துத் தண்ணீரை மேட்டுக்குள் இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து மண்வேலை பார்க்கும் ஒரு அண்ணாச்சியை அழைத்து வந்தார்கள். குளத்துக்கரைகளில் வேலை செய்தே வயதானவர். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்த ஒரு கம்பை எடுத்து மேட்டில் குத்தினார். மூன்று சாண் சிரமம் இல்லாமல் இறங்கியது. "நெல்லக் குமிச்சாப்ல குமிச்சு வச்சிருக்கிய டீச்சர்" என்றார். கம்பை உருவித் துடைத்துக்கொண்டே அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "மண்ணு உக்காந்தே தீரும். நாம உக்கார வைக்கலன்னா மழை உக்கார வச்சிரும்."

அவர் செய்து காட்டிய முறையைத்தான் இந்த மடலில் உங்களுக்குத் தர விரும்புகிறேன்.

முதலில் மேல்மண். குழிக்கு அடையாளம் போட்டதும் மேலே அரை அடி மண்ணைத் தனியாக வெட்டித் தனியாகக் குவித்துவிடுங்கள். புல்வேரும் மட்கும் மண்புழுவும் இருப்பது அதில்தான். செடிக்கு அதுவே உயிர். ஆனால் மேட்டின் வயிற்றுக்குள் அதைப் போட்டால் வேரும் சருகும் மட்கி இற்றுப்போகும், அந்த இடமெல்லாம் வெற்றிடமாகும், மேடு இறங்கும். செவ்வாய்க்கிழமை ஓடைக்குள் விழுந்த மண்புழு மண்ணைப் பார்த்தபோது எனக்கு மனம் பதறியது அதனால்தான். கடையில் மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கும் தோட்டமண்ணைவிட அது நல்ல மண்.

அடுத்து, மேடு நிற்கும் இடம். அந்த இடத்திலும் புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, தரையைக் கொத்திக் கீறிவிட வேண்டும். அப்போதுதான் மேட்டு மண்ணும் அடிமண்ணும் பிணைந்துகொள்ளும். வழவழப்பான தரைமேல் போட்ட மேடு வழுக்கும்.

மேல்மண்ணுக்குக் கீழே வரும் செவலை அரை அடி அடுக்காக மட்டும் பரப்புங்கள். அதற்குமேல் ஒரே தடவையில் போட்டால் மேல்பக்கம்தான் இறுகும், அடியில் பொதபொதவென்று இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர்? அண்ணாச்சி ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பது போலப் பிடித்தார். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டார். இரண்டு மூன்று துண்டாக உடைந்தது. "இதுதான் பதம்" என்றார். பிடிக்கும்போதே உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் சேறாக ஒட்டினால் ஈரம் அதிகம், அதை இடித்தால் இறுகாது, குழையும். ஒரு நாள் காயவிட்டு இடிக்க வேண்டும். இடிக்கும் சத்தமும் மாறும். முதலில் தொப்பு தொப்பு என்று கேட்கும். இறுக இறுகச் சத்தம் கெட்டிப்படும். கட்டை எகிறத் தொடங்கினால் அந்த அடுக்கு முடிந்தது.

சரிவில் ஆசைப்படாதீர்கள். ஓரடி உயரத்துக்கு இரண்டடி சரிவு விட வேண்டும். நம் குளத்து மண்ணில் என்ன மேடு கிடைக்கும் என்று அன்று நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 96 கன அடியில் மேல்மண் அரை அடி, அதாவது 24 கன அடி போக, மிச்சம் 72. இடித்து இறுக்கியபின் அது ஏறக்குறைய 65 ஆகும். அடியில் பத்தடி விட்டம், உச்சியில் இரண்டடி விட்டம், உயரம் இரண்டடி என்று ஒரு மேட்டுக்கு அந்த 65 கன அடியே போதும். தனியாக எடுத்து வைத்த மேல்மண்ணை அந்த மேட்டின்மேல் மூன்று அங்குலத்துக்குப் போர்த்தினால் அதுவும் ஏறக்குறைய முழுவதும் செலவாகிவிடும். மிஞ்சுகிற இரண்டு மூன்று கூடையை வாழைக்கு அணைத்துவிடலாம். வண்டிக்கு வேலையே இல்லை.

மனை பார்க்கும்போது பெரியவர்கள் ஒரு குழி வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடிப் பார்ப்பார்கள். மண் மிஞ்சினால் நல்ல மனை, சரியாக இருந்தால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது என்பார்கள். நிலத்தில் மண் எவ்வளவு இறுகிக் கிடந்தது என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்கிறது. நீங்களும் வேலை தொடங்குமுன் ஒரு சிறு குழியில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து உறவினர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரிசல் மண் ஈரத்தில் வீங்கும், வெயிலில் வெடிக்கும். வெறும் கரிசலில் மேடு போட்டுக் கல்லை உட்கார்த்தினால் வருடா வருடம் கல் அசையும். அங்கே மேட்டின் உள்ளே சரளை கலந்து இடிப்பது நல்லது.

இப்போது ஆவணி. இன்றைக்கு மேடு போட்டால் அதன்மேல் உடனே கல் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை நன்றாக நனையத் தண்ணீர் விட்டு, இறங்கிய இடங்களில் மண் போட்டு இடித்துக்கொண்டே இருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அதன்மேல் பெய்யட்டும். தை பிறந்தபின் விரிப்பும் கல்லும் வையுங்கள். நான் தீபாவளிக்குக் காட்ட வேண்டும் என்று அவசரப்பட்டதற்கு மோட்டாரும் போய், கல்லும் போய், அத்தனை உழைப்பும் போனது. நீங்கள் பொங்கலுக்குப் பின் காட்டலாம். அதுவரை குழி திறந்து கிடக்கும் என்பதால் சுற்றிலும் கம்பு நட்டு வலையடித்துவிடுங்கள். நம் தெருவில் சின்னப் பிள்ளைகள் அதிகம்.

இனி அருவிக்கு வருகிறேன். சாரல் காலத்தில் குற்றாலம் போகாத வீடு நம்மில் இல்லை. பேரருவியின் கீழே நிற்கும்போது மேலே நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். உச்சியிலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே தன் வேகத்தை இழந்து, நிரம்பி, பொங்கி, அதன் பிறகே பாறைமேல் பரவி இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அருவிக்கு அடியில் மனிதன் நிற்க முடியாது. உங்கள் மேட்டின் உச்சியிலும் ஒரு பொங்குமாங்கடல் வேண்டும்.

மோட்டாரிலிருந்து வரும் குழாயை நேராகக் கல்லின்மேல் கொண்டுபோய் விட்டால் தண்ணீர் பீய்ச்சும், ஒரு பக்கம் அடிக்கும், வெளியே தெறிக்கும். உச்சியில் ஒன்றரை அடி வாயுள்ள ஒரு தொட்டியைப் பதியுங்கள். குழாய் அதன் அடியில் நுழையட்டும். மேலே நாலைந்து கூழாங்கற்களைப் பரப்புங்கள். தண்ணீர் கீழிருந்து ஊறி, சத்தம் அடங்கி, நிரம்பி, விளிம்பைத் தாண்டும். நம் ஊரில் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது பார்த்திருப்பீர்கள், தண்ணீர் துடிக்காமல் ஒரே சீராக வழியும். அந்த வழிவுதான் நமக்கு வேண்டும்.

விளிம்புக்கல்லில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இடமும் வலமும் நூல் பிடித்தது போல ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இன்னும் உறுதிக்கு டியூபில் தண்ணீர் நிரப்பிப் பிடியுங்கள். ஒரு நூல் சாய்ந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடும். இரண்டாவது, கல் முன்பக்கம் ஒரு சிறிதளவு தாழ்ந்து, அடிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். மூன்றாவது, கல்லின் அடிப்பக்கத்தில் முனையை ஒட்டி ஒரு கோடு வெட்டுங்கள். சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு பள்ளக்கோடு இழுத்துவிடுவாரே, அதே வேலைதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியோடு ஒட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் போய்விடும்.

தண்ணீர் எவ்வளவு ஓட வேண்டும் என்று பலரும் கேட்கிறீர்கள். விளிம்பு ஓரடி அகலம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் வந்தால்தான் திரைபோல விழும். அதற்குக் குறைந்தால் கயிறு கயிறாகப் பிரியும். அட்டைப்பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பி மோட்டார் வாங்காதீர்கள். அது ஏற்றமே இல்லாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. உயரம் ஏற ஏற அளவு குறையும். குளத்தின் நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை எத்தனை அடி என்று அளந்து, அந்த உயரத்தில் எவ்வளவு தரும் என்ற அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். குழாயும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். அகலமான விளிம்பு வைத்துத் தண்ணீர் போதாமல் தவிப்பதைவிட, ஓரடி விளிம்பில் நிறைவாக விழுவது பார்க்கவும் கேட்கவும் இதமாக இருக்கும்.

விரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் விரிப்பு நமக்குப் போதும். நீளத்தோடு இரண்டு பக்க ஆழத்தையும், ஓரத்துக்குப் பக்கத்துக்கு ஓரடியையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் எட்டுக்கு ஆறு குளத்துக்குப் பதினாலுக்குப் பன்னிரண்டு அடி விரிப்பு வேண்டும். மேட்டுக்குத் தனி விரிப்பு. அது குளத்து விரிப்பின்மேல் ஏறிப் படுக்க வேண்டும், அடியில் நுழையக் கூடாது. ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின்மேல்தான் இருக்கும். மேட்டு விரிப்பின் இரண்டு ஓரங்களையும் வாய்க்கால் கரைபோல ஒரு சாண் உயர்த்தி, மண்ணால் அணைத்துவிடுங்கள். தெறிக்கும் தண்ணீர் திரும்ப உள்ளேயே வர வேண்டும்.

தண்ணீர் குறைகிறதா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். கோடைவெயிலில் நாளொன்றுக்கு ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் வரை ஆவியாகப் போகும். நம் குளத்தின் அளவுக்கு அது ஏறக்குறைய இரண்டு குடம். அதற்குமேல் போனால் கசிவு. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் விடுங்கள். ஆவியாகப் போவதற்குமேல் மட்டம் இறங்காவிட்டால் குளம் நன்றாக இருக்கிறது, குறை மேட்டில். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் மோட்டாராவது தப்பியிருக்கும்.

அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து தட்டாமல் கேளுங்கள். மேட்டைக் காம்பவுண்டுச் சுவரோடு சேர்த்துப் போடாதீர்கள். இடம் மிச்சமாகும், பின்பக்கம் மண் குறையும் என்று தோன்றும். நம் சுவர்கள் எல்லாம் மறைப்புக்கும் எல்லைக்கும் எழுப்பியவை. மண்ணைத் தாங்கக் கட்டியவை அல்ல. மழையில் நனைந்த மண் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மேட்டின் அடிவிளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். வீட்டுச் சுவருக்கும் அப்படியே.

மோட்டார் இணைப்புக்கு 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீருக்குள் மின்சாரம் இருக்கிறது, அதில் பிள்ளைகள் கை வைப்பார்கள். இரண்டடித் தண்ணீர் ஒரு குழந்தைக்கு ஆழம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். தவழும், தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் அவர்கள் வளரும் வரை குளத்தைத் தள்ளிப்போட்டு, மேட்டை மட்டும் போட்டு வையுங்கள். அதற்குள் அது நன்றாக இறுகியும் விடும். குழிக்கு முன்னே மேட்டு மண் எங்கே என்று கேட்பீர்கள். என் மடலின் கடைசியில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது.

கொசுவைப் பற்றி நகராட்சி ஆட்கள் வந்து கேட்பார்கள், கேட்பதும் நியாயம். டெங்குக் கொசு அசையாத் தண்ணீரில் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் புழு கொசுவாகிப் பறந்துவிடும். அருவி ஓடும்போது குளம் அசைந்துகொண்டே இருக்கும். மோட்டார் நிற்கும் நாட்களுக்கு மீன் வேண்டும். நம் ஓடைகளில் தலையில் வெள்ளிப்பொட்டோடு திரியுமே முண்டக்கண்ணி, அது மேல்மட்டத்திலேயே நீந்திப் புழுவைத் தின்னும். ஆனால் புதுச் சிமெண்டு வைத்த குளத்தில் மீனை உடனே விடாதீர்கள். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். தண்ணீர் நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்துக் கொட்டி, இப்படி மூன்று நாலு தடவை செய்தபின் விடுங்கள்.

மேட்டின் சரிவில் அருகம்புல்லும் வெட்டிவேரும் நடுங்கள். வெட்டிவேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழத்துக்கு இறங்கும், மண்ணைத் தைத்துப் பிடிக்கும். மூங்கிலை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் குருத்து விரிப்பைக் கிழிக்கும். கல்லுக்காக ஓடையில் கை வைக்கவும் வேண்டாம். ஓடைக்கல் ஓடையின் கரையைக் காக்கிறது. குழியின் அடியில் சரளையும் உடைகல்லும் வரும், அதைக் கழுவி எடுத்து வையுங்கள். என் அருவியின் முகப்பில் இருக்கும் கற்களில் பாதி என் குழியிலிருந்து வந்தவை. மழையில் நனைந்ததும் அவை மேட்டின் செவலோடு ஒரே நிறமாகிவிடுகின்றன. கடையில் வாங்கிய கல் ஒன்பது வருடமாகியும் தனியாகத்தான் தெரிகிறது.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் எனக்குச் செய்து கொடுத்த திமிசுக்கட்டை இருக்கிறது. வேப்பங்கட்டையில் கடைந்தது. இரண்டு பக்கமும் பிடி வைத்தது, இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். பிடிகள் அவர் கையும் என் வீட்டில் வேலை செய்த தம்பிகள் கையும் பட்டு வழவழப்பாகி இருக்கின்றன. ஏழு வீட்டாரும் முறைவைத்து எடுத்துப் போங்கள். டியூப் மட்டமும் தருகிறேன். ரசமட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் வந்து காட்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. செவ்வாய்க்கிழமை கொட்டிய இரண்டு நடை மண் ஓடைக்குள் அப்படியே கிடக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் வரவில்லை, அதனால் மண் கரையவில்லை. ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மம்பட்டியும் சட்டியும் எடுத்துக்கொண்டு நான் ஓடையோரம் நிற்பேன். நீங்களும் வாருங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் வெயில் ஏறுமுன் அள்ளிவிடலாம். அள்ளும் மண் யாருக்கு என்பதையும் யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டாம் தெரு வீட்டாருக்குத் தங்கள் மேட்டுக்கு மண் வேண்டும், முதல் நடை அவர்களுக்குத் திரும்பப் போகட்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு குழி வெட்டாமல் காத்திருக்கும் வீட்டார் மேட்டை மட்டும் இப்போதே போடுவதாக இருந்தால் இரண்டாவது நடை அவர்களுக்கு. மேலே கிடக்கும் புல்வேர் மண்ணை மட்டும் முதலில் தனியாக எடுத்துவிடுவோம். மண்புழுக்கள் இன்னும் அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
மூன்றாம் தெரு, மேற்கு மூலை வீட்டு டீச்சர்